வளைத்த இடத்தில் குழாய் நசிந்தால்: பி.வி.சி. கொண்டியூட் வளைக்கும்போது வரும் பிழைகளும் திருத்தும் வழியும்

கோண்டாவிலில் ஒரு புதுவீடு. பூச்சு முடிந்து, பெயின்ற்றும் அடித்தாயிற்று. வயர் இழுக்கப் போனால் ஒரு அறைக்குள் மட்டும் கம்பி போகவில்லை. வீட்டுக்கார ஐயா பக்கத்தில் நிற்க, அந்தப் புதுச் சுவரை நான்தான் உளியால் உடைத்தேன். உள்ளே வயர் ஓடுகிற கொண்டியூட் குழாய், வாயில் போட மடித்த வெற்றிலை மாதிரி மடிந்து கிடந்தது. வளைத்த அன்றே ஒரு இரும்புக் குண்டை உருட்டிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை. அதற்குப் பிறகும் இதே பிழையைப் பல வீடுகளில் கண்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் குழாயில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

எதைத் தொடமுன்னும் ஒன்று. பழைய வீட்டில் ஏற்கனவே கறண்ட் ஓடுகிற குழாய் என்றால் முதலில் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். வயர் உள்ளே இருக்கிற குழாய்க்கு ஒருபோதும் சூடு காட்டாதீர்கள். காட்டியாகிவிட்டது என்றால் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

வளைவின் உட்பக்கம் மடிந்து நசிகிறது

அதிகம் நடப்பது இதுதான். காரணங்களைச் செலவில்லாததில் இருந்து பாருங்கள்.

*சூடு காட்டிய நீளம் போதவில்லை.* பத்தில் ஒரு தடவை அல்ல, ஏறக்குறைய ஒவ்வொரு தடவையும் நான் காண்கிற காரணம் இது. வளைவு விழ வேண்டிய ஒரே புள்ளியில் சூட்டைப் பிடித்து, அந்த ஒரு இடம் இளகியதும் மடக்குகிறார்கள். இளகின துண்டு சின்னது என்றால் முழு மடிப்பும் அதற்குள்தான் விழும். குழாய் வளையாது, மடங்கும்.

கணக்கு இலேசானது. வளைவின் உள் ஆரையைக் குழாயின் வெளி விட்டத்தின் நாலு மடங்கு என்று வைத்துக்கொண்டால், 90 பாகை வளைவுக்கு 20 மில்லிமீற்றர் குழாயில் சுமார் 14 சென்ரிமீற்றர் நீளம் வளைகிறது. 25 குழாயில் 18, 32 குழாயில் 23. இரண்டு பக்கமும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கூட்டிச் சூடு காட்டுங்கள். கையளவில் சொன்னால், 25 குழாய்க்கு ஒரு சாண், 20 குழாய்க்கு அதிலும் இரண்டு விரல் குறைவு, 32 குழாய்க்கு ஒரு சாணும் மூன்று விரலும். மார்க்கரால் இரண்டு முனையையும் கீறிவிட்டுத் தொடங்குங்கள். கண்மதிப்பில் எல்லோருமே குறைத்துத்தான் சூடு காட்டுவோம்.

*ஒரு பக்கம் மட்டும் இளகியிருக்கிறது.* குழாயை நிறுத்தாமல் உருட்ட வேண்டும். சுடுகாற்று அடிக்கிற ஹீற் கன்னை அசைக்காமல் பிடித்தால் முன்பக்கம் களியாகும், பின்பக்கம் கல்லாக இருக்கும். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் முற்றத்தில் நின்று வேலை செய்தால் நீங்கள் உருட்டினாலும் காற்று ஒரு பக்கத்தை ஆற்றிக்கொண்டே இருக்கும். சுவர் மறைவுக்குப் போங்கள். பதம் பார்க்க, தோல் கையுறையோடு குழாயின் ஒரு முனையைப் பிடித்துக் கிடையாகத் தூக்குங்கள். சூடு காட்டிய துண்டு தன் பாரத்தில் தானே தொய்ய வேண்டும். நீங்கள் பலம் போட்டுத்தான் வளைகிறது என்றால் இன்னும் பதம் வரவில்லை.

*உள்ளே தாங்கு இல்லை, அல்லது தாங்கின் அளவு பிழை.* வளைக்கும்போது நசியாமல் தாங்கக் குழாய்க்குள் விடுகிற சுருள்தான் ஸ்பிறிங். 20 குழாய்க்கு 20 ஸ்பிறிங், 25 குழாய்க்கு 25 ஸ்பிறிங். இதில் சமாளிப்புக்கு இடமில்லை. ஒரே 20 குழாயிலும் மெல்லிய சுவர், தடித்த சுவர் என்று இருக்கிறது. உள்விட்டம் அதற்கேற்ப மாறும். ஸ்பிறிங் உள்ளே போய் லொடலொட என்று ஆடினால் அது உங்கள் குழாய்க்கு உரியதல்ல. கடைக்குப் போகும்போது குழாயில் ஒரு துண்டை வெட்டிக் கையோடு கொண்டு போங்கள்.

ஸ்பிறிங் இல்லாவிட்டால் மணல். கச்சான் வறுக்கிற மாதிரி மணலைத் தாச்சியில் போட்டு வறுத்து, குழாயின் ஒரு முனையை மரக்கட்டையால் அடைத்து, தட்டித் தட்டி நிரப்பினால் உள்ளிருந்தே சூடும் கொடுக்கும், சுவரையும் தாங்கும். 32 குழாய்க்கு இது ஸ்பிறிங்கை விட நல்லது என்பதுதான் என் எண்ணம். மூன்று விடயத்தில் கவனம் வேண்டும். மணல் அரித்து எடுத்ததாக, நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். மேல் முனையை இறுக்கி அடைக்கக் கூடாது. கொஞ்ச ஈரம் இருந்தாலும் நீராவி கட்டையைத் துப்பாக்கிச் சன்னம் போல வெளியே தள்ளும். கடற்கரை மணலைத் தொடவே வேண்டாம். அதிலுள்ள உப்பு குழாய்க்குள் தங்கி ஈரத்தை இழுக்கும்; பிறகு வயர் மூட்டுகிற பெட்டிக்குள் இருக்கிற பித்தளை இணைப்புகள் பச்சை பிடிக்கும். சூட்டைப் பார்க்க, ஒரு கடதாசித் துண்டை மணலுக்குள் செருகுங்கள். கடதாசி நிறம் மாறினால் மணல் சூடு கூடிவிட்டது, ஆறவிடுங்கள்.

*வளைவே கூர்மையாகக் கேட்கிறது.* சுவர் மூலையில் இடம் இல்லை என்பதற்காக உள் ஆரையை வெளி விட்டத்தின் இரண்டரை மடங்கிலும் குறைக்காதீர்கள். 20 குழாய்க்கு அது 50 மில்லிமீற்றர். அந்த இடத்துக்குக் கடையில் விற்கிற பென்ட் ஒன்றை வாங்கிப் பூட்டுங்கள், அல்லது ஒரு பெட்டி வையுங்கள்.

நசிந்த குழாயைத் திரும்பச் சூடாக்கி, ஸ்பிறிங் விட்டு நிமிர்த்தி எடுக்கலாமா என்று கேட்பார்கள். இலேசான தட்டை என்றால் ஒரு தடவை முயன்று பார்க்கலாம். மடிப்புக் கோடு தெரிந்தால் வெட்டி எறியுங்கள். அந்தக் கோட்டின் உள்விளிம்பு பிறகு வயரின் தோலைச் சீவும்.

வளைக்கும்போது வெளிப்பக்கம் வெளுத்து வெடிக்கிறது

சூடில்லாமல் வளைத்திருப்பீர்கள். 20, 25 குழாய்களை ஸ்பிறிங் விட்டு முழங்காலில் வைத்துச் சூடில்லாமல் வளைப்பது சரியான முறைதான். ஆனால் மெல்ல மெல்ல, கையை இரண்டு பக்கமும் நகர்த்தி நகர்த்தி வளைக்க வேண்டும். ஒரே வெட்டில் மடக்கினால் வெளிப்பக்கம் பால் நிறமாகும், பிறகு பிளக்கும். வளைக்க முன் அந்த இடத்தைத் துணியால் வேகமாகத் தேய்த்துக் கொஞ்சம் சூடேற்றினாலே போதும். 32 குழாயைச் சூடில்லாமல் வளைக்கப் பார்க்க வேண்டாம்.

மெதுவாக வளைத்தும் வெடிக்கிறதா? குழாய் பழசாகியிருக்கும். வீட்டு வேலை இடையில் நின்று, குழாய்க் கட்டு வளவுக்குள் மாதக்கணக்கில் வெயிலில் கிடந்தால் அது நிறம் மங்கி மொறுமொறுப்பாகிவிடும். ஒரு துண்டை நசித்துப் பாருங்கள். தட்டையாகாமல் சில்லாக உடைந்தால் அந்தக் கட்டை நேர் ஓட்டங்களுக்குக் கூடப் பாவிக்க நான் சொல்ல மாட்டேன். புதுக் குழாயை நிழலில், சமதரையில் படுக்கவையுங்கள்.

மஞ்சளாகிறது, குமிழ் விடுகிறது, கருகுகிறது

சூடு கூடிவிட்டது, அவ்வளவுதான். பி.வி.சி. 80 பாகை செல்சியசு அளவில் இளகத் தொடங்கும். 110 தொடக்கம் 130 வரை வளைக்க நல்ல பதம். ஹீற் கன்னின் வாயில் வருகிற காற்று 500 பாகையையும் தாண்டும். ஆகவே குறைந்த வேகத்தில், நாலு விரல் அகலம் தள்ளி, அசைத்துக்கொண்டே பிடியுங்கள். சட்டென்று வேலை முடிய வேண்டும் என்று வாயைக் குழாயோடு ஒட்டிப் பிடித்தால் வெளித்தோல் கருகும், உள்ளே இன்னும் இளகியிருக்காது.

கருகும்போது மூக்கைக் குத்துகிற ஒரு நெடி வரும். அது ஐதரசன் குளோரைட்டு வாயு. உடனே சூட்டை எடுத்துவிட்டு விலகிப் போங்கள். மூடிய அறைக்குள், சின்னப்பிள்ளைகள் நிற்கிற இடத்தில், இழுப்பு வருத்தம் உள்ளவர்கள் இருக்கிற வீட்டில் இந்த வேலையே வேண்டாம்.

நெருப்பில் நேரே காட்டுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. மெழுகுதிரி, காஸ் அடுப்பு, சிரட்டை எரிகிற சுவாலை எல்லாம் கண்டிருக்கிறேன். புதுவீட்டில் கறண்ட் வந்திருக்காது. 1,500 வாற்றுக்கு மேல் இழுக்கிற ஹீற் கன்னைச் சின்ன ஜெனரேற்றர் தாங்காது. அதனால் நெருப்பைத் தேடுகிறார்கள், விளங்குகிறது. அப்படிப்பட்ட இடத்தில் கொதிநீரைப் பாவியுங்கள். வாயகன்ற பெரிய கிடாரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, வளைக்க வேண்டிய துண்டை மூன்று நாலு நிமிடம் அமிழ்த்துங்கள். 100 பாகைக்கு மேல் போகாது என்பதால் கருகவே கருகாது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இளகும். 20 குழாய்க்கு இது தாராளம். 25 குழாய் கொஞ்சம் அடம்பிடிக்கும், ஸ்பிறிங்கும் பொறுமையும் வேண்டும். 32 குழாய்க்குப் போதாது, அதற்கு மணல்தான். தண்ணீர் முறையில் வளைத்த குழாயைப் பூட்ட முன் நிமிர்த்தி வைத்து உள்ளே முழுதாகக் காயவிடுங்கள்.

நெருப்பைத் தவிர வேறு வழியே இல்லை என்றால் சுவாலையில் அல்ல, ஊமல் கரி தணலாகி நீறு பூத்த பிறகு, அதற்கு ஒரு சாண் மேலே பிடித்து உருட்டுங்கள்.

நிறம் மட்டும் சற்று மாறிய குழாயைப் பாவிக்கலாம். குமிழ் விட்டதை, கருகியதைப் பாவிக்கக் கூடாது. அந்த இடத்தில் சுவர் மெலிந்திருக்கும்.

வளைத்து வைத்தால் திரும்ப நிமிர்கிறது

சூடில்லாமல் வளைத்தது என்றால் அது இயல்பு. 90 வேண்டுமென்றால் 100, 105 பாகை வரை கொண்டுபோய் விடுங்கள், தானாகவே திரும்பி வந்து நிற்கும். வளைத்த உடனே சாடில் கிளிப் போட்டுச் சுவரில் பூட்டிவிடுவதும் நல்லது. அடுத்த நாள் பூட்டலாம் என்று சாத்தி வைத்தால் காலையில் வேறு கோணத்தில் நிற்கும்.

சூடாக்கி வளைத்தும் நிமிர்ந்தால் ஆறமுன் கையை எடுத்திருக்கிறீர்கள். ஈரத் துணியால் சுற்றி, இரண்டு நிமிடம் அப்படியே பிடியுங்கள். தொட்டால் உடம்புச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஒரே அளவில் நிறைய வளைவு வேண்டுமென்றால் பலகையில் ஆணி அடித்து ஒரு அச்சுச் செய்துகொள்ளுங்கள். அரை மணித்தியாலம் போகும், பிறகு நாள் முழுக்க மிச்சம்.

ஸ்பிறிங் வெளியே வருகுதில்லை

பலம் போட்டு இழுக்காதீர்கள். இழுக்க இழுக்கச் சுருள் பிரிந்து இன்னும் இறுகும். குழாய் முழுதாக ஆறட்டும். பிறகு ஸ்பிறிங்கை அதன் சுருள் சுருங்குகிற பக்கமாக, பெரும்பாலும் இடஞ்சுழியாக, முறுக்கிக்கொண்டே இழுங்கள். வராவிட்டால் வளைவைச் சற்று நிமிர்த்தி மறுபடி முறுக்குங்கள். அதற்கும் வராவிட்டால் கொதிநீரை அந்த இடத்தில் ஊற்றிக் குழாயை இளக்கி எடுங்கள். கடைசி வழி குழாயை வெட்டுவது. குழாய் மலிவு, ஸ்பிறிங்தான் விலை.

நீளக் குழாயின் நடுவில் வளைக்கும்போது ஸ்பிறிங்கின் வளையத்தில் பலமான நைலோன் கயிறு கட்டித்தான் உள்ளே விட வேண்டும். கயிற்றில் வளைவின் தூரத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டால் ஸ்பிறிங் எங்கே நிற்கிறது என்றும் தெரியும். சுருள்களுக்கு இடையில் வெளிச்சம் தெரிகிற பழைய ஸ்பிறிங்கை எறிந்துவிடுங்கள். அது குழாய்க்குள் படிப்படியாகத் தடம் பதிக்கும்.

வளைவு பிழையான இடத்தில் விழுகிறது, அல்லது முறுகி நிற்கிறது

நிலத்தில் சோக்கால் உண்மை அளவிலேயே கீறுங்கள். வளைத்த குழாயை அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்துத் திருத்துங்கள். இரண்டு வளைவு ஒரே குழாயில் வந்தால் முதலில் குழாயின் முதுகில் நீளத்துக்கு ஒரு நேர்கோடு கீறிவிடுங்கள். இரண்டு வளைவும் அந்தக் கோட்டிலேயே விழ வேண்டும். கோடில்லாமல் செய்தால் இரண்டாவது வளைவு விலகி, குழாய் சுவரோடு படியாது.

குழாய் பார்க்க நல்லாக இருக்கிறது, வயர் ஓடவில்லை

ஒரு கேள்வி. சுவர் பூசமுன்னா, பூசிய பிறகா?

பூசமுன் என்றால் நீங்கள் பிழைத்தீர்கள். 20 குழாயின் உள்விட்டம் 16, 17 மில்லிமீற்றர். அரை அங்குல பெயாரிங் குண்டு ஒன்றை மேல் முனையில் போடுங்கள். கீழே வந்து விழுந்தால் வளைவு சரி. நின்றுவிட்டால் அந்த வளைவை வெட்டி மாற்றுங்கள். கிடையாகப் போகிற ஓட்டத்தில் குண்டு உருளாது. அங்கே குழாயை ஊதிப் பார்த்து, பிறகு கட்டுக்கம்பியின் முனையை மடித்து உருட்டி விடுங்கள். என்னோடு வேலை செய்கிற தம்பி ஒருவன் முதல் வாரத்தில் கேட்டான், "அண்ணை, கண்ணுக்கு வடிவாத்தானே இருக்கு, ஏன் ஒவ்வொண்டுக்கும் குண்டு போடுறியள்?" வெளிப்பக்கம் வட்டமாக இருந்தாலும் உட்பக்கத்தில் அலை விழுந்திருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. அதை அவனுக்கு ஒரு துண்டை நீளவாக்கில் வெட்டித்தான் காட்டினேன்.

பூசிய பிறகு என்றால் இந்த ஒழுங்கில் போங்கள்.

கம்பியை இரண்டு முனையிலிருந்தும் விட்டு, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளந்து சுவரில் குறியுங்கள். இரண்டு குறியும் ஒரே இடத்தில் சந்தித்தால் அடைப்பு அங்கேதான்.

கம்பி முட்டும்போது கரகர என்றால் மணலோ சீமெந்தோ. குழாயின் வாயைக் கடதாசியால் அடைக்காமல் மேசன்மாரை வேலைக்கு விட்டால் இது நிச்சயம். மணல் என்றால் காற்று அடித்து எடுக்கலாம். இறுகிய சீமெந்து என்றால் உடைப்பதைத் தவிர வழியில்லை.

கம்பி போகிறது, வயர் மட்டும் இறுகுகிறதா? பெட்டிக்குப் பெட்டி எத்தனை வளைவு என்று எண்ணுங்கள். இரண்டு செங்கோண வளைவுக்கு மேல் இருந்தால் இடையில் ஒரு பெட்டி வேண்டும். வயரின் எண்ணிக்கையையும் பாருங்கள். லைற்றுக்கான 1/1.13 வயர் ஓடுகிற குழாய்க்குள்ளேயே பிளக்குக்கான 7/0.67 வயரையும் திணிப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. அதைப் பிரித்து இன்னொரு குழாயில் கொண்டுபோங்கள். வழுக்க வேண்டுமென்றால் முகத்துக்குப் பூசுகிற பவுடர் போதும். கிறீஸ், எஞ்சின் ஒயில் வேண்டாம். அவை வயரின் தோலைக் கெடுக்கும்.

இரண்டு குழாயைச் சேர்க்கிற சொக்கற் மூட்டில் முட்டினால் கம் வழிந்து உள்ளே கட்டியாகியிருக்கலாம், அல்லது வெட்டிய முனையின் பிசிறு எடுபடாமல் இருக்கலாம். கம்மைக் குழாயின் வெளியில் மட்டும் மெல்லிசாகப் பூச வேண்டும், சொக்கற்றுக்கு உள்ளே வழியவழிய அல்ல.

இவ்வளவுக்கும் வழி பிறக்காவிட்டால் சுவரை உடைக்க வேண்டும். குறித்த இடத்தில் ஒரு சாண் நீளம் மட்டும் திறவுங்கள். பிளேட் கொங்கிறீற்றுக்குள் புதைந்த குழாய் என்றால் நீங்கள் கை வைக்கவே வேண்டாம். கொங்கிறீற்றுக்குள் இருக்கிற இரும்புக் கம்பி அறுந்தால் கூரையே பலவீனமாகும். அதை விட்டுவிட்டுச் சுவர்வழி வேறு பாதை எடுக்கச் சொல்லி அனுமதிப்பத்திரமுள்ள மின்னியலாளரைக் கூப்பிடுங்கள்.

கூரைக்குக் கீழே குழாய் பாம்பு மாதிரி நெளிகிறது, மூட்டுக் கழருகிறது

இது வளைத்தவரின் பிழையல்ல, வெயிலின் வேலை. சித்திரை, வைகாசியில் தகரம் அல்லது சீற் கூரைக்குக் கீழே கையை வைக்க முடியாது. 3 மீற்றர் குழாய் 25 பாகை சூடு கூடினால் ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் நீளும். இரண்டு முனையும் இறுகப் பூட்டியிருந்தால் அது நடுவில்தான் நெளிய வேண்டும். முதலில் சாடில் கிளிப்பை நெருக்கமாகப் போடுங்கள், ஆனால் குழாய் வழுக்கிப் போகிற அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். ஆறு மீற்றருக்கு மேல் நேராக ஓடினால் கம் பூசாமல், குழாய் நீள இடம் விட்டு, நீள் சொக்கற் ஒன்று வையுங்கள். சூடாக்கி வளைத்த துண்டு கூரைக்கு மிக அருகில் இருந்தால் மெல்ல நிமிரப் பார்க்கும், பி.வி.சி. கொண்டியூட் 60 பாகைக்கு மேல் தொடர்ந்து இருக்கிற இடத்துக்கு உரியதல்ல. குழாயைச் சீற்றிலிருந்து கீழே இறக்கி, வளைமரத்தோடு கொண்டுபோவதே தீர்வு.

வயர் உள்ளே இருக்கும்போது சூடு காட்டிவிட்டீர்கள்

வெளியே ஒன்றும் தெரியாது. லைற் எரியும், மின்விசிறி சுற்றும். ஆனால் வீட்டு வயரின் தோலும் பி.வி.சி.தான், 70 பாகைக்கு மேல் தொடர்ந்து தாங்கும்படி அது செய்யப்படவில்லை. குழாய் வளைகிற பதத்துக்கு வந்தபோது அதுவும் இளகி, வளைவின் உட்பக்கத்தில் செம்பு தோலை அழுத்திக்கொண்டு ஒதுங்கியிருக்கும். மாரி பிறந்து, குழாய்க்குள் ஈரம் இறங்கும்போது ட்ரிப் சுவிச் விழத் தொடங்கும். அப்போது யாருக்கும் இந்த வளைவு நினைவுக்கு வராது.

அந்த ஓட்டத்தின் வயரை முழுதாக இழுத்து எடுத்து மாற்றுங்கள். வெளியே எடுத்தது நல்லாக இருக்கிறது என்று திரும்ப விடாதீர்கள். மாற்றிய பிறகு, கறண்ட் கொடுக்க முன், மின்னியலாளரைக் கொண்டு 500 வோல்ற் காவலிச் சோதனை (வயரின் தோலால் கறண்ட் கசிகிறதா என்று பார்ப்பது) செய்விக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்தச் சுற்றை இயக்கக் கூடாது. சாதாரண ரெஸ்ற்றரும் மல்ற்றிமீற்றரும் இதைக் காட்டாது, அதனால்தான் ஆளைக் கூப்பிடச் சொல்கிறேன். ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுகிறது, சுவரைத் தொட்டால் கை கூசுகிறது, பெட்டிக்குள்ளிருந்து கருகல் மணம் வருகிறது என்றால் சோதனை வரைக்கும் காத்திருக்காதீர்கள். மெயினை நிறுத்திவிட்டு அழையுங்கள். ட்ரிப் சுவிச்சைக் கட்டிவைத்தோ நேரே இணைத்தோ இரவைக் கடத்தாதீர்கள். 30 மில்லி அம்பியரில் அது விழுவது உங்கள் உயிருக்காகத்தான்.

அவர் வரும்போது பூசமுன் எடுத்த சுவர்ப் படங்களைக் காட்டுங்கள். அளவு நாடாவை நிலத்திலிருந்து சுவரோடு சேர்த்துப் பிடித்து, ஒவ்வொரு வளைவும் தெரிகிற மாதிரி எடுத்திருக்க வேண்டும். கோண்டாவில் வீட்டில் அப்படி ஒரு படம் இருந்திருந்தால் நான் ஒரு சாண் மட்டும்தான் உடைத்திருப்பேன்.